தேத்தண்ணி குடிக்காத மச்சாளும் எங்கட குடும்ப குறூப்பும்: ஒன்லைன்ல சமய வாதத்துக்கு இறங்கிற பொம்பிளையளுக்கு

ரெண்டு வருசத்துக்கு முதல் ஆடி மாசம் கனடாவில இருந்து மாமாட மகள் வந்து திருகோணமலை உவர்மலையில எங்கட வீட்டு விறாந்தையில இருந்தா, அம்மா வழமை மாதிரி இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்ரீ கொண்டுவந்து வைச்சா, மச்சாள் சிரிச்சுக்கொண்டு "மாமி நான் இப்ப தேத்தண்ணி குடிக்கிறேல்ல" எண்டு சொன்னா. அம்மா கோப்பி போடட்டோ எண்டு கேட்டா, அதுவும் இல்லையாம். அம்மா பயந்திட்டா, என்ன வருத்தமோ எண்டு. பேந்துதான் விசயம் வெளியில வந்தது, மச்சாள் அங்க, அமெரிக்காவில தொடங்கின மோர்மன் சபையில ஞானஸ்நானம் எடுத்திட்டா.

அண்டைக்கு இரவு எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப் பத்தி எரிஞ்சுது. லண்டன் சித்தப்பா சைவத்தைக் காப்பாத்த இறங்கிட்டார், அப்பா பக்கத்து மெதடிஸ்ட் பெரியப்பா "அது கிறிஸ்தவமே இல்லை" எண்டு இறங்கிட்டார், ஒரு தம்பி யூடியூப் லிங்கா அள்ளிக் கொட்டுறான், ஆரோ ஒருத்தர் "அப்ப புருசனுக்கு எத்தினை பெஞ்சாதி" எண்டு சிரிப்பு ஸ்டிக்கர் போடுறார். நானும் சும்மா இருக்கேல்ல, "பாவம் அவ, ஆரோ மூளைச்சலவை செய்து போட்டினம்" எண்டு எழுதினன். விடிய மச்சாள் எனக்கு இன்பொக்ஸில ஒரு வரி போட்டிருந்தா: "நானும் அந்தக் குறூப்பில தானே இருக்கிறன் மச்சாள், என்னை மூண்டாம் ஆள் மாதிரி எழுதிப்போட்டீங்களே."

அந்த வெக்கத்தில இருந்து படிக்கத் தொடங்கினதுதான் இதெல்லாம். நான் சைவம், அந்தச் சபையில சேரிற எண்ணம் எனக்கு இல்லை, ஆரையும் சேக்கவோ பிரிக்கவோ இதை எழுதேல்ல. சமயம் எண்டு வந்தா ஒன்லைன்ல கதைக்கிறது முழுக்க ஆம்பிளையள், கதைபடுறது முழுக்க பொம்பிளையள், அதுக்குள்ள நீங்கள் வாய் திறக்கிறதெண்டால் எப்பிடித் திறக்கிறது எண்டதுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். உதாரணம் முழுக்க மோர்மன் கதைதான், ஏனெண்டால் நான் அடிபட்டுப் படிச்சது அதில, மற்றது அந்தச் சபை வெறும் 200 வருசக் கதை, கடதாசி எல்லாம் இருக்கு, போய்ப் பாக்கலாம்.

முதல்ல பேர். மோர்மன் எண்டது வெளியாக்கள் வைச்ச பட்டம், அவையளின்ர மோர்மன் புத்தகத்தை வைச்சு வந்தது. 2018 ஆவணியில அப்ப தலைவரா இருந்த ரசல் நெல்சன் முழுப்பேரைத்தான் பாவிக்கச் சொன்னவர், தமிழில பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. நீட்டுத்தான். ஆனா வாதம் தொடங்கேக்க ஒருக்கா முழுசாச் சொல்லிப்போட்டு "சுருக்கமா எப்பிடிச் சொல்லலாம்?" எண்டு கேட்டுப் பாருங்கோ, எதிர்ல நிக்கிற ஆளின்ர தோள் இறங்கும். எங்களை "பிசாசை வணங்கிற ஆக்கள்" எண்டு தொடங்கிற ஒருத்தரோட நாங்கள் எவ்வளவு நேரம் கதைப்பம்?

பேரோட சேத்து எலும்புக்கூடு அளவுக்கு வரலாறும் வேணும். 1830 பங்குனியில நியூயோர்க் மாநிலத்தில பல்மைரா எண்ட ஊரில புத்தகம் அச்சாகுது, சித்திரை 6 சபை தொடங்குது, தொடக்கின ஜோசப் ஸ்மித்துக்கு அப்ப 24 வயசு. 1844ல இலினோய்ல கார்தேஜ் மறியல்ல வைச்சு ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொல்லுது. பெரும்பகுதி சனம் பிரிகம் யங்குக்குப் பின்னால போய் 1847ல யூட்டாவில குடியேறுது. ஜோசப்பின்ர மனிசி எம்மா போகேல்ல. இந்த எம்மாவை ஞாபகம் வைச்சிருங்கோ. அந்தச் சபையில முதல் இருந்த பலதாரம் 1890ல தலைவர் வில்பர்ட் வூட்ரப் விட்ட அறிக்கையோட நிப்பாட்டுப்படத் தொடங்கினது, இண்டைக்கு அந்தச் சபையில ஒருத்தர் ரெண்டாந்தாரம் கட்டினா ஆளை வெளியில போட்டிடுவினம், இப்பவும் செய்யிறது பிரிஞ்சு போன வேற சின்னக் கூட்டங்கள். அதால ஸ்டிக்கர் போட்ட அந்த மாமாவுக்கு விடை: ஒண்டு. மச்சாளின்ர புருசன் ஒரு கணக்காளர், நல்ல மனுசன், வங்கியில வேலை.

இனி அவையளின்ர பக்கத்தில நிண்டு விடை சொல்லுற ஆக்களைப் பற்றி. தங்கட சமயத்தில ஒருத்தர் பிழை பிடிச்சா அதுக்கு ஒழுங்கா மறுப்பு எழுதிறதை ஒரு தொழில் மாதிரிச் செய்யிற ஆக்கள் அங்க இருக்கினம். இது எங்களுக்குப் புதுசில்லை. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோட இருந்து பைபிளைத் தமிழாக்கிற வேலை செய்தவர், பேந்து அதே ஆள் 1854ல சைவ தூஷண பரிகாரம் எழுதி பாதிரிமாருக்கு அவையளின்ர வேதத்தை வைச்சே மறுமொழி குடுத்தவர். தூஷணம் எண்டு ஒருத்தர் சொன்னதுக்குப் பரிகாரம். அவ்வளவுதான், மோர்மன் பக்கத்திலயும் அதுதான் நடக்குது. ஃபெயர் எண்ட அமைப்பு 1997ல இருந்து இதைச் செய்யுது. ஆனா ஒண்டு கவனம், இப்பிடி அமைப்புகள் சொல்லுற விடை சபையின்ர உத்தியோகபூர்வ விடை இல்லை, ஒரு கேள்விக்கு ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்லுவினம், அதை வைச்சு "பாத்தியளா முரண்பாடு" எண்டு குதிக்காதேங்கோ. உங்கட தெருவில ரெண்டு ஐயாமாரிட்ட திருநீறு ஏன் பூசுறது எண்டு கேட்டுப் பாருங்கோ.

நாலு கேள்வி

ஒரு கதை வந்தா நான் இப்ப கேக்கிறது நாலு. ஆர் சொன்னது? எப்ப சொன்னது? அந்த இடத்தில அவர் நிண்டவரோ? எழுதி வைச்சது ஆர்? இதை நான் படிச்சது மூக்குடைபட்டுத்தான்.

தேத்தண்ணிக் கதைக்குத் திரும்ப வாறன். 1833 மாசி 27, ஒஹையோவில கேர்ட்லண்ட் எண்ட ஊர், அங்கதான் ஞான வார்த்தை எண்டு அவையள் சொல்லுற வெளிப்படுத்தல் வருது, சாராயம், புகையிலை, சூடான குடிபானம் கூடாது. சூடான குடிபானம் எண்டது தேயிலையும் கோப்பியும் எண்டு விளக்கம் குடுத்திட்டினம் (சுடுதண்ணி, கொத்தமல்லித் தண்ணி எல்லாம் பிரச்சினை இல்லை, அம்மாவுக்கு இது பெரிய ஆறுதல்). அது ஏன் வந்தது எண்டதுக்கு ஒரு வடிவான கதை இருக்கு: ஆம்பிளையள் மேல் மாடியில கூடி வேதம் படிக்கேக்க பைப் குடிச்சு, புகையிலை சப்பி நிலமெல்லாம் துப்பி வைக்க, அதைக் கழுவிக் கழுவி எம்மா களைச்சு முறைப்பாடு சொல்ல, ஜோசப் போய்க் கடவுளிட்டக் கேட்டாராம். நான் இதை எங்கயோ வாசிச்சிட்டு துள்ளிக்கொண்டு குறூப்பில போட்டன், "பாருங்கோ, ஒரு பொம்பிளை நிலம் கழுவின களைப்பில வந்த சட்டத்தாலதான் எங்கட மச்சாள் தேத்தண்ணி குடிக்கிறா இல்லை" எண்டு. எண்பது லைக். மச்சாள் மட்டும் கேட்டா, "எம்மா இதை எங்க எழுதினவ?"

எம்மா எழுதேல்ல. அந்தக் கதையைச் சொன்னது பிரிகம் யங், 1868ல, அதாவது 35 வருசத்துக்குப் பிறகு, அதுவும் 1833 மாசியில அவர் கேர்ட்லண்டில குடியிருக்கவும் இல்லை. பொய் எண்டு நான் சொல்லேல்ல, உண்மையா இருக்கலாம், ஆனா அது எம்மாவின்ர குரல் இல்லை, எம்மா சொன்னதா ஒரு ஆம்பிளை சொன்னது. இதில பகிடி என்னெண்டால் ரெண்டு பக்கமும் இந்தக் கதையைப் பாவிக்குது. எதிர்க்கிற ஆள், "வெளிப்படுத்தலாவது ஒண்டாவது, மனிசியின்ர நச்சரிப்பு" எண்டு சொல்லும். காக்கிற ஆள், "பாருங்கோ எங்கட சபையில பொம்பிளையின்ர குரலுக்குக் கடவுளே மறுமொழி தந்திருக்கிறார்" எண்டு சொல்லும். எம்மா ரெண்டு பேருக்கும் நடுவில விளக்குமாறோட நிக்கிறா.

இதுக்கு எதிர்மாறா ஒண்டைக் காட்டுறன், இது பொம்பிளையின்ர கையெழுத்து. 1842 பங்குனி 17 நாவூ எண்ட ஊரில நிவாரணச் சங்கம் எண்டு பொம்பிளையளுக்கு ஒரு சங்கம் தொடங்கினவை, எம்மா தலைவி, கவிதை எழுதிற எலைசா ஸ்னோ செயலாளர். கூட்டக் குறிப்பில பெரும்பகுதி எலைசா எழுதி வைச்சவ, அது இண்டைக்கும் இருக்கு, ஜோசப் ஸ்மித் ஆவணத் தொகுப்பில ஒன்லைன்ல ஆரும் காசில்லாமல் பாக்கலாம். அந்த வருசம் சித்திரையில ஜோசப் வந்து கதைச்சதை அவ எழுதேக்க, சாவியை (அதிகாரத்துக்கு அவையள் சொல்லுற சொல்) "உங்களிட்டத் திருப்புறன்" எண்ட கருத்தில எழுதியிருக்கிறா. பேந்து ஆம்பிளையள் சபை வரலாறாத் தொகுத்து அச்சடிக்கேக்க அது "உங்கட சார்பில சாவியைத் திருப்புறன்" எண்டு மாறிப்போச்சு. ஒரு வேற்றுமை உருபுதான் மாறினது. சாவி ஆற்ற கையில எண்டது மாறிப்போச்சு. குருத்துவம், அதாவது சபையில சடங்கு நடத்திற அதிகாரம், அதைப் பற்றி நீங்கள் வாதிக்கிறதெண்டால் நூறு யூடியூப் வீடியோவை விட இந்த ஒரு உருபு பெறுமதி. எதிர்ல நிக்கிறவருக்கு இது எதிரியின்ர கதை எண்டு தள்ளவும் ஏலாது, வைச்சிருக்கிறது அவையளின்ர சபைதான்.

அதுதான் அடுத்த விசயம், ஆதாரம் எடுக்கிறதெண்டால் அவையளின்ர வீட்டுக்குள்ள இருந்து எடுங்கோ. 2013 கடைசியில இருந்து 2015 வரைக்கும் சபையே தன்ர தளத்தில கஷ்டமான கேள்வியளுக்குக் கட்டுரை போட்டுது, பலதாரம், ஆபிரகாம் புத்தகம், கறுப்பின ஆக்களுக்கு 1978 வரைக்கும் குருத்துவம் குடுக்காதது, பரலோகத் தாய், பொம்பிளையளும் குருத்துவமும், எல்லாத்துக்கும். 2014 ஐப்பசியில வந்ததில ஜோசப்புக்கு 30க்கும் 40க்கும் இடையில மனிசிமார் எண்ட கணிப்பையும் அவையளே எழுதியிருக்கினம். நீங்கள் ஏன் வேற எங்கயோ போய் ஆரோ கோவத்தில எழுதினதைத் தூக்கிக்கொண்டு வரோணும்?

அரைவாசி சாட்சி

எனக்கு இதில சரியாப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நீளும், தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து இருங்கோ.

மோர்மன் புத்தகத்தின்ர முன்பக்கத்தில சாட்சியள் எண்டு 11 பேர் இருக்கினம், மூண்டு பேர் ஒரு பத்திரத்தில, எட்டுப் பேர் இன்னொண்டில, ஜோசப் அந்தப் புத்தகத்தை எதில இருந்து மொழிபெயர்த்தன் எண்டு சொன்னவரோ அந்தப் பொன் தகட்டைக் கண்டனாங்கள் எண்டு. 11 பேரும் ஆம்பிளையள். அந்தச் சாட்சியளில சிலரைப் பெத்த விற்மர் குடும்பத்துத் தாய் மேரி விற்மரும் தகட்டைக் கண்டவ எண்டு ஒரு கதை இருக்கு, வீடு நிறைய விருந்தாளியளுக்கு வேலை செய்து களைச்சுப்போய் மாட்டுப் பட்டிப் பக்கம் போகேக்க ஒரு கிழவர் வந்து காட்டினாராம். அதையும் நாலு கேள்விக்குள்ள போடுங்கோ: சொன்னது மகனும் பேரனும், கன வருசத்துக்குப் பிறகு. அவவின்ர கையால ஒண்டும் இல்லை.

எம்மாவுக்கு வருவம். 1879 மாசியில, சாகிறதுக்கு ரெண்டு மூண்டு மாசத்துக்கு முதல், அவவின்ர மகன் அவவிட்டக் கேள்வி கேட்டு எழுதினவர், அவ செத்தாப் பிறகு அந்த வருசமே அது அச்சில வந்தது. அதில அவ சொல்லுறா, தகடு மேசையில ஒரு சின்ன மேசைத்துணியால சுத்தி இருக்கும், விளிம்பைத் தடவிப் பாத்திருக்கிறன், மொத்தக் கடதாசி மாதிரி மடங்கும், பெருவிரலால விளிம்பைப் புரட்டினா உலோகச் சத்தம் கேக்கும். துணியைத் திறந்து பாக்கேல்ல. வாசிக்கேக்க எனக்கு எங்கட அம்மம்மா ஞாபகம் வந்தது, அவவும் ஒண்டைத் திறந்து பாக்காமல் தடவிப் பாத்தே முழுக்கச் சொல்லுவா. இந்தத் துண்டை காக்கிற பக்கத்து ஆக்கள் எங்க பாத்தாலும் போடுவினம், போடத்தான் வேணும், நல்ல சாட்சி.

ஆனா அதே கேள்வி பதிலில, வேற ஒரு இடத்தில, மகன் பலதாரம் பற்றிக் கேக்க எம்மா சொல்லுறா, என்ர புருசன் அப்பிடி ஒண்டும் படிப்பிக்கவும் இல்லை, எனக்குத் தெரிய வேற மனிசிமார் இருந்ததும் இல்லை எண்டு. சபையே 30, 40 எண்டு எழுதிப்போட்டுது. 1892ல மிசூரி ஆலயக் காணி வழக்கில எமிலி பார்ட்றிஜ், மலிசா லொட், லூசி வோக்கர் எண்ட மூண்டு பொம்பிளையள் நாங்கள் ஜோசப்பின்ர மனிசிமார் எண்டு சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கினம். அப்ப எம்மா? தகட்டில நம்பலாம், தாரத்தில நம்பேலாதோ? எதிர்க்கிற ஆக்களும் இதே வேலைதான், "எம்மாவே பொய் சொன்னவ" எண்டு தாரத்தில பிடிப்பினம், தகட்டுச் சாட்சியை வாசிக்கவே மாட்டினம்.

ஒரு பொம்பிளையின்ர சாட்சியை எங்க வெட்டினம் எண்டு பாருங்கோ, அங்கதான் வாதம் செய்யிற ஆளின்ர தேவை நிக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒரே வேலை, ஆரும் ஒரு பொம்பிளையின்ர வசனத்தைப் போட்டா அந்தத் தாளின்ர மிச்சத்தையும் கேளுங்கோ. கோவப்படாமல், "முழுசா அனுப்புங்கோ அண்ணை" எண்டு. ஏன் அவ அப்பிடிச் சொன்னா எண்டு எனக்கும் ஒரு யோசினை இருக்கு, செத்துப்போற தாய், மகன் முன்னால இருந்து தகப்பனைப் பற்றிக் கேக்கிறான், அந்த மகன் அப்ப பலதாரத்தை மறுக்கிற இன்னொரு சபைக்குத் தலைவர். நீங்கள் என்ன சொல்லியிருப்பியள்? நானெண்டால் தெரியாது.

பொம்பிளையள் ஒரு பக்கத்தில நிக்கிறேல்ல

எங்கட ஆக்களுக்குச் சமிக்காத விசயம் இது. 1870 தை 13, சோல்ட் லேக்கில ஆயிரக்கணக்கான பொம்பிளையள் கூடி, பலதாரத்துக்கு எதிரா வோஷிங்டன் கொண்டுவர இருந்த சட்டத்தை எதிர்த்துக் கூட்டம் வைச்சவை. பலதாரத்துக்கு எதிரா இல்லை, சட்டத்துக்கு எதிரா. ஒரு மாசத்தால, மாசி 12, யூட்டா பொம்பிளையளுக்கு வாக்குரிமை கிடைக்குது. வெளியில, "வாக்குக் குடுத்தா தங்கட சமயத்தை எதிர்த்துப் போடுவினம்" எண்டு நினைச்ச ஆக்கள் கன பேர், அவை அப்பிடிப் போடேல்ல, 1887ல வோஷிங்டன் அந்த வாக்கைப் பறிச்சிட்டுது. பேந்து 1896ல மாநிலம் ஆகேக்கதான் திரும்பக் கிடைச்சது. அந்த வருசத் தேர்தலில மார்தா ஹியூஸ் கனன் எண்ட டொக்டர், தானே ஒரு பலதார மனிசி, அமெரிக்காவில முதல் பெண் மாநில செனட்டரா வந்தா, அதே தேர்தலில நிண்டு தோத்த ஆக்களில அவவின்ர புருசனும் ஒருத்தர். இதைச் சொல்லேக்க எங்கட குறூப்பில ஒரு நிமிசம் ஒருத்தரும் டைப் பண்ணேல்ல.

ஹெலன் மார் கிம்பல் கதை இன்னும் கஷ்டம். 1843 வைகாசியில ஜோசப்புக்கு முத்திரிக்கப்படேக்க (அவையளின்ர முறையில கட்டி வைக்கிறது) அவவுக்கு 14 வயசு, 15 ஆக இன்னும் சில மாசம். எனக்கு இதில மன்னிக்க ஒண்டும் இல்லை, 14 வயசு எண்டா 14 வயசுதான், அந்தக் காலம் இந்தக் காலம் எண்டு சுத்தி வளைக்கிறதை நான் ஏத்துக்கொள்ளேல்ல, எங்கட பூட்டிமாரையும் அப்பிடித்தான் கட்டிக் குடுத்தவை எண்டதுக்காக அது சரியாகிறதும் இல்லை. ஆனா அவ வளந்து கிழவியாகி பலதாரத்தைக் காத்து தன்ர பேரில புத்தகம் எழுதினவ, 1884ல ஒண்டு வந்தது. அதே மனிசி தன்ர பிள்ளைப் பருவத்துக் கவலையையும் எழுதி வைச்சிருக்கிறா. எதிர்க்கிறவருக்கு 14 வயசு ஹெலன் மட்டும் வேணும், காக்கிறவருக்கு 56 வயசு ஹெலன் மட்டும் வேணும். நீங்கள் ரெண்டு பேரையும் கதைக்க விடுங்கோ.

வாய் திறந்து அடிபட்ட ஆக்களும் இருக்கினம். 1993 புரட்டாதியில ஒரே மாசத்தில ஆறு பேர் மேல சபை ஒழுக்க நடவடிக்கை எடுத்தது, மூண்டு பேர் பொம்பிளையள், லின் வைட்சைட்ஸ், மக்ஸின் ஹாங்ஸ், லவீனா ஃபீல்டிங் ஆன்டர்சன். 2014 ஆனியில பொம்பிளையளுக்கும் குருப்பட்டம் கேட்ட கேட் கெலியை வெளியேத்தினவை. கதை இதில முடியிறேல்ல எண்டதைத்தான் வாதம் செய்யிற ஆக்கள் விடுகினம்: மக்ஸின் ஹாங்ஸ் 2012ல திரும்ப ஞானஸ்நானம் எடுத்திட்டா, லவீனா வெளியேத்துப்பட்டாப் பிறகும் வருசக்கணக்கா ஞாயிறு ஞாயிறு அதே சபையில போய் இருந்தவ. "பிடிக்காட்டி வெளியில வா" எண்டு எங்கட சித்தப்பா லேசாச் சொல்லுறார். வீட்டில பிடிக்காததுக்கு எத்தினை பொம்பிளையள் வீட்டை விட்டு வெளிக்கிட்டவை, எண்ணிப் பாக்கச் சொல்லுங்கோ.

மச்சாளுக்குப் பிடிச்ச ஆள் சியேக்கோ ஒக்கசாக்கி, ஹவாயில பிறந்த ஜப்பான்காரி, புத்த சமயத்து வீடு, 15 வயசில அந்தச் சபையில சேந்தவ, 1990ல நிவாரணச் சங்கத்தின்ர பொதுத் தலைமையில ஒரு இடத்துக்கு வந்தவ. தாய் தகப்பன்ர சமயத்தை ஏசாமல் புதுச் சமயத்துக்கு எப்பிடிப் போறது எண்டதை அவவிட்டப் படிச்சனான் எண்டு மச்சாள் சொன்னா.

டைப் பண்ண முதல், டைப் பண்ணேக்க

ஒரு மெசேஜில ஒரு கேள்வி. இருவது கேள்வியை ஒரேயடியா ஒட்டினா எதிர்ல நிக்கிற ஆள் லேசான ஒண்டை மட்டும் எடுத்து மறுமொழி சொல்லிப்போட்டுப் போயிடும், மிச்சம் பத்தொன்பதும் காத்தில. கேள்வியைச் சின்னதா, பேர், வருசத்தோட போடுங்கோ.

"எங்கட பொம்பிளையள் சந்தோசமா இருக்கினம்" எண்டு ஒரு ஆம்பிளை எழுதினா, "நல்லது, அவையளில ஒராளை இதில எழுதச் சொல்லுங்கோ" எண்டு மட்டும் போடுங்கோ. "உங்கட பொம்பிளையளை அடிமையா வைச்சிருக்கினம்" எண்டு மற்றப் பக்கம் எழுதினாலும் அதே வசனத்தை அப்பிடியே போடுங்கோ. நான் இந்த ஒரு வசனத்தை நோட்டில சேவ் பண்ணி வைச்சிருக்கிறன்.

கொஞ்ச நேரத்தில கேள்வியை விட்டிட்டு உங்களில வந்து நிப்பினம், அது நிச்சயம். ஒரு வீடியோவுக்குக் கீழ நான் அந்தச் சாவிக் கதையை எழுத, முன்பின் தெரியாத ஒருத்தர் "தங்கச்சி கலியாணம் கட்டியாச்சோ, வீட்டில சமைக்கிறேல்லையோ" எண்டு கேட்டார், அடுத்தவர் புரொபைல் படத்தை எடுத்துப் போட்டு நெத்தியில பொட்டைக் காணேல்ல எண்டார். மறுமொழி சொல்லாதேங்கோ, சமைச்சனோ இல்லையோ எண்டு சொல்லத் தொடங்கினா வாதம் உங்கட அடுப்படிக்கு வந்திடும். அதே கேள்வியை அதே சொல்லில திரும்பப் போடுங்கோ, மூண்டாந்தரமும் விடை இல்லையெண்டா "கேள்வி இன்னும் நிக்குது" எண்டு எழுதிப்போட்டு வெளிக்கிடுங்கோ. ஸ்கிரீன்சொட் எடுத்திட்டு வெளிக்கிடுங்கோ, விடிய அழிச்சிருப்பினம். இரவு பத்துக்குப் பிறகு கொமெண்ட் பக்கம் போகாதேங்கோ, நான் பிழையா எழுதினது எல்லாம் பத்துக்குப் பிறகுதான். பிள்ளையளின்ர படம் பொதுவில நிண்டா முதல்ல அதை மூடுங்கோ.

சொந்தப் பேரோ கள்ளப் பேரோ எண்டு கன பிள்ளையள் கேக்கினம். திருமலை சின்ன ஊர், இரவு பேஸ்புக்கில எழுதினது விடியப் பத்திரகாளி அம்மன் கோயில் வாசல்ல கேக்கும், என்ர அம்மாவிட்ட ஒரு மனிசி மரக்கறிச் சந்தையில வைச்சே கேட்டிட்டா, "உங்கட மகள் சமயம் மாறிட்டாளாமே" எண்டு. நான் சொந்தப் பேரில எழுதிறன், எனக்கு வேலை இருக்கு, அம்மா என்ர பக்கம். உங்களுக்கு அப்பிடி இல்லையெண்டா கள்ளப் பேர் ஒண்டும் பாவமில்லை. நீலகேசி மாதிரி ஊர் ஊராப் போய் வாதம் செய்யிற பொம்பிளையளைப் பழைய தமிழில காப்பியத்துக்குக் கதாநாயகியா வைச்சவை, குண்டலகேசி நாவல் கிளையை ஊர் வாசல்ல நட்டு, வாதத்துக்கு வாறவன் வந்து இதைப் பிடுங்கு எண்டு நிண்டதாக் கதை. அவவிட்டையும் ஒருத்தன் சமைச்சியோ எண்டு கேட்டிருப்பான்.

டைப் பண்ணத் தெரியாத மாமிமாரை விட்டிடாதேங்கோ, வொய்ஸ் போடச் சொல்லுங்கோ. எங்கட குறூப்பில நடந்த ஆகச் சிறந்த கேள்வி அம்மாவின்ர வொய்ஸ்: "பிள்ளை பிறந்தா உங்கட சபையில ஆர் பேர் வைக்கிறது?" மச்சாள் சொன்னா, தகப்பன் மாமி, குருத்துவம் உள்ள ஆம்பிளையள் வட்டமா நிண்டு பிள்ளையைத் தாங்கி, ஆசீர்வாதம் சொல்லிப் பேர் வைப்பினம். "அப்ப தாய் எங்க நிக்கிறது?" அதுக்கு மறுமொழி வர அஞ்சு நிமிசம் பிடிச்சது. "தாய் இருந்து பாத்துக்கொண்டிருப்பா மாமி. எனக்கும் அது ஒரு மாதிரித்தான் இருந்தது." மூண்டு மாசச் சண்டையில மச்சாள் தன்ர வாயால இப்பிடி ஒண்டு சொன்னது அண்டைக்குத்தான், அதுவும் ஒருத்தரும் அவவைத் தோக்கடிக்க நிக்காததால. அம்மா திரும்பப் போட்ட வொய்ஸ் இன்னும் நல்லது: "எங்களிலயும் ஐயர்தானேம்மா மந்திரம் சொல்லுறார், நான் சும்மா மடியில வைச்சுக்கொண்டு இருந்தனான்."

கண்ணாடியை உங்கட பக்கமும் திருப்ப ஆயத்தமா இருங்கோ. மச்சாள் என்னைக் கோணேசர் கோயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னா, கோட்டைக்குள்ள மான் எல்லாம் படுத்திருக்க நடந்து மேல போனம், இராவணன் வெட்டு எண்ட பாறைப் பிளவடியில நிண்டு கீழ எட்டிப் பாத்துக்கொண்டு கேட்டா, "இதுக்கு உங்கட நாலு கேள்வியையும் கேப்பமோ?" 1622ல போர்த்துக்கீசர் கோயிலை இடிச்சதுக்குக் கடதாசி இருக்கு, இராவணன் வாளால வெட்டினதுக்கு ஆர் சாட்சி? இல்லை எண்டு சொன்னன். இல்லாட்டியும் நான் அந்த இடத்தில நிண்டு கும்பிடுறன் எண்டும் சொன்னன். அதுக்குப் பிறகு அவ பொன் தகட்டைப் பற்றி என்னோட கதைச்ச விதமே வேற. உங்கட பக்கத்தில கடதாசி இல்லாத இடத்தை நீங்களே முதல்ல சொல்லிப்போடுங்கோ, மற்ற ஆள் அதைக் கண்டுபிடிக்கும் மட்டும் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ.

போன மாசம் மச்சாள் வீடியோ கோல் எடுத்தா, அங்க ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு ஞானஸ்நானமாம், தான் சாட்சியா நிக்கப் போறனாம். 2019 ஐப்பசிக்கு முதல் அதுக்கும் ஆம்பிளையள்தான் நிக்கிறது, அதுக்குப் பிறகுதான் பொம்பிளையளும் நிக்கலாம் எண்டு மாத்தினவை. அம்மா போனை என்னட்ட இருந்து பறிச்சிட்டா.

"சாட்சியெண்டா கையெழுத்து வைக்கிறதோ?"

"இல்லை மாமி, பக்கத்தில நிண்டு பாக்கிறது. ஆள் முழுசாத் தண்ணிக்குள்ள போட்டுதோ, சொல் எல்லாம் சரியாச் சொன்னவையோ எண்டு. ஒரு முழங்கையோ கொஞ்ச மயிரோ வெளியில நிண்டாலும் திரும்பச் செய்யோணும்."

"அப்ப நீ காணேல்ல எண்டு சொன்னா, அந்தத் தண்ணிக்குள்ள நிக்கிற ஆம்பிளை திரும்பவும் செய்யோணுமோ?"

"ஓம் மாமி."

அம்மா என்னைப் பாத்தா, போனைப் பாத்தா. "வடிவாப் பார்" எண்டு சொல்லிப்போட்டு அடுப்பில வைச்ச கொத்தமல்லித் தண்ணியை இறக்கப் போனா.